சேக்கிழார் முறையில் ஒரு பரங்கி ஊர்

(குன்றத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



போர்ச்சுகீசியரின் தொடக்ககாலக் குடியேற்றம் ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், அமைப்பாளர் ஒருவர், “ஐயா, அது கோவாவில் பேச வேண்டியதாயிற்றே, குன்றத்தூருக்கும் அதற்கும் என்ன?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் இந்த ஊரின் ஓரமாகப் போய் அடையாற்றில் விழுகிறது. அந்த அடையாறு கடலைத் தொடும் இடத்திலிருந்து வடக்கே கரையோரமாகச் சற்று நடந்தால் சாந்தோம் வந்துவிடும். 16ஆம் நூற்றாண்டில் ‘சான் தோமே தெ மெலியாபோர்’ என்று பெயர் பெற்று, சோழமண்டலக் கரையின் முதன்மையான பரங்கி ஊர்களுள் ஒன்றாக விளங்கியது அது. சென்னைக்குப் போகும்போதெல்லாம் நாம் கடக்கும் பரங்கிமலை என்ற பெயரிலேயே அந்த வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது காரணம் இந்த ஊரின் பெருமகன். புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், சோழப் பேரரசின் அமைச்சராக இருந்தவர். அரசர்களின் படையெடுப்புகளை அருகிருந்து பார்த்திருக்கக்கூடிய அவர், தம் பெரிய நூலாகிய பெரியபுராணத்தை அடியார்களுக்காக எழுதினார். ஒவ்வோர் அடியாரையும் அறிமுகப்படுத்தும்போது நாடு எது, ஊர் எது, குலம் எது, தொழில் எது, செய்த தொண்டு எது என்று வரிசையாகச் சொல்வது அவர் வழக்கம். நெசவாளர் நேசர், செக்காட்டிய கலியர், மீன்பிடித்த அதிபத்தர் என்று உழைப்பாளிகள் தம் தொழிலோடு அந்த நூலுக்குள் வருகிறார்கள். அதிபத்தரின் ஊர் நாகப்பட்டினம். வாயிலாரின் ஊர் மயிலாப்பூர். பிற்காலத்தில் போர்ச்சுகீசியர் சோழமண்டலக் கரையில் பெரிதாகக் குடியேறிய இரண்டு ஊர்களும் இவையே.

ஆகவே சாந்தோம் வரலாற்றைச் சேக்கிழார் முறையில் வாசிக்கலாம் என்று துணிகிறேன். தளபதிகளையும் பட்டயங்களையும் பின்னால் தள்ளிவிட்டு, அங்கே யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எந்த நிறுவனம் அவர்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது என்று கேட்போம். அப்படிக் கேட்டதில் எனக்குக் கிடைத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாந்தோமை உண்டாக்கியவர்கள் அங்கே குடும்பம் வைத்த சில நூறு வீட்டுக்காரர்களும், அவர்களுக்குச் சரக்குத் தந்த தொண்டை நாட்டுத் தறிகளும், அலையில் படகு செலுத்திய கரைமக்களும். அந்த ஊரின் நிறுவனங்கள் யாரையெல்லாம் உள்ளே சேர்த்தனவோ அவர்களோடு நிலைத்தன. யாரை வாசலில் நிறுத்தினவோ அந்தப் பக்கம் இற்று விழுந்தன. இதை ஏழு குறிப்புகளாக விளக்குகிறேன்.

1. வருமுன்பே இருந்த ஊர்

போர்ச்சுகீசியர் வந்தபோது மயிலாப்பூர் வெறும் மணல்வெளி என்று எண்ணிவிடக் கூடாது. சேக்கிழார் அதைக் கடல் வணிகம் நடக்கும் செல்வ ஊராகவே காட்டுகிறார். அவர் நூலில் வரும் பூம்பாவையின் தந்தை சிவநேசர் அங்கே பெருவணிகர். சாந்தோம் வளாகத்தில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பரங்கிமலையில் 1547இல் சிற்றாலயத்துக்குக் கடைக்கால் தோண்டியபோது வெளிப்பட்ட கற்சிலுவையில் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்து இருக்கிறது. சைவமும் பாரசீகக் கிறித்தவமும் பரங்கியருக்கு முன்பே அந்தக் கரையை அறிந்திருந்தன.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பார்போசா என்ற போர்ச்சுகீசியர், மயிலாப்பூர் களையிழந்து கிடந்ததாகக் குறித்திருக்கிறார். புனித தோமையாரின் கல்லறை எனப்பட்ட இடத்தில் ஒரு முசுலிம் பக்கிரி, பிச்சை எடுத்த காசில் விளக்கேற்றி வந்ததாகவும் அவர் எழுதுகிறார். சாந்தோம் வரலாற்றின் முதல் தொண்டர் என்று நான் அந்தப் பெயர் தெரியாத பக்கிரியையே சொல்வேன். 1517இல் மலாக்காவிலிருந்து திரும்பி வந்து பழவேற்காட்டில் இறங்கிய போர்ச்சுகீசியர் சிலரை அந்த இடத்துக்கு அழைத்துச் சென்றவர் ஓர் ஆர்மீனிய வணிகர். 1523இல் கோவா அரசின் ஆணைப்படி கல்லறை தோண்டப்பட்டது. அதையொட்டி வீடுகள் எழுந்தன.

கடலுக்கு அப்பாலும் இதே கதை. 1511இல் போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தபோது அவருக்குத் துணைநின்றவர் அங்கே வாழ்ந்த தமிழ் வணிகர் நயினா சேட்டு. போர்ச்சுகீசியர் அவருக்குப் பெண்டகாரா என்ற உயர்பதவி தந்தார்கள். அவரும் அவர்களும் கூட்டாகப் பர்மாவின் பெகுவுக்கும் சோழமண்டலக் கரைக்கும் கப்பல் அனுப்பினார்கள். 1514இல் அந்தப் பதவி வேறொருவருக்கு மாற்றப்பட்டபோது, அவமானம் தாங்காமல் அவர் தீயில் இறங்கினார். பரங்கியர் ஆசியக் கடலில் கற்ற வணிகத்தின் முதல் பாடங்களை நம் கரையைச் சேர்ந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்குச் சான்று அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. ‘செட்டி’ என்ற நம் சொல் போர்ச்சுகீசியத்தில் ‘சாத்திம்’ ஆகி வணிகனைக் குறித்தது. அதிலிருந்து ‘சாத்தினார்’ என்று, வணிகம் செய்தலைக் குறிக்க ஒரு வினைச்சொல்லும் பிறந்தது.

2. கோட்டையில்லாத குடியிருப்பு

கோவாவும் மலாக்காவும் போரில் பிடித்த ஊர்கள். சாந்தோம் அப்படியில்லை. நிலம் விசயநகரப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. சுங்கமும் அந்த அரசின் அதிகாரிகளுக்கே சேர்ந்தது. சோழமண்டலக் கரைக்கெனக் கோவா அரசு ஒரு தலைவரை அமர்த்தியது உண்மை. 1520களில் மனுவேல் தெ பிரியாசும், பின்னர் நெடுங்காலம் மிகேல் பெரைராவும் அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். ஆனால் ஊரின் முதுகெலும்பு ‘கசாதோ’ எனப்பட்டவர்கள். மணமுடித்து வீடு வைத்தவர் என்பது அந்தச் சொல்லின் பொருள். அரச ஊழியத்தை விட்டு, உள்ளூர்ப் பெண்களை மணந்து, சொந்த முதலில் வணிகம் செய்த பழைய சிப்பாய்களே அவர்களுள் பெரும்பாலோர்.

1545இல் இயேசு சபைத் துறவி சவேரியார் அங்கே ஏறக்குறைய நான்கு மாதம் தங்கியிருந்தார். அப்போது நூற்றுக்கு மேற்பட்ட போர்ச்சுகீசியக் குடும்பங்கள் அந்த ஊரில் இருந்தன. பங்குக் குரு காசுபார் கொயெல்யோவின் வீட்டில் அவர் தங்கினார். ஜோவான் தெ எய்ரோ என்ற வணிகர் அவர் சொல் கேட்டுத் தம் செல்வத்தை ஏழைகளுக்குக் கொடுக்க முன்வந்தார்; நடுவில் மனம் மாறி மறைவாக ஒரு கப்பல் வாங்கினார்; சவேரியார் ஆளனுப்பி அழைத்ததும் மறுபடி திரும்பினார். துறவுக்கும் கப்பலுக்கும் நடுவே தத்தளித்த இந்த ஒரு மனிதரின் மனத்தில் அந்த ஊரின் மனம் முழுவதும் தெரிகிறது.

கோட்டை இல்லாததன் விலையை 1559ஆம் ஆண்டு வாக்கில் அவர்கள் கொடுத்தார்கள். விசயநகரத்தின் ராமராயர் படையோடு வந்து, முதன்மையான குடிகளைப் பிணையாகப் பிடித்துப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு போனார். ஊர் அழியவில்லை, வணிகம் தொடர்ந்தது. அந்த நிலத்தில் யார் குடி, யார் கோன் என்பது மட்டும் இரு தரப்புக்கும் தெளிவாயிற்று. ‘காலனி’ என்ற சொல்லைக் கேட்டதும் ஆண்டான், அடிமை என்று இரண்டு கட்டமாகப் பிரித்துவிடுகிறோமே, சாந்தோமின் முதல் நூற்றாண்டு அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

3. தறியும் சாயவேரும்

சரக்கு எது? ஒரே சொல்லில் சொன்னால் துணி. மலுக்குத் தீவுகளின் கிராம்புக்கும் பண்டாத் தீவின் சாதிக்காய்க்கும் அங்கே மாற்றாகக் கேட்கப்பட்டது இந்தியத் துணி. அதிலும் சோழமண்டலக் கரையின் வண்ணமெழுதிய பருத்தித் துணிக்குத் தனி மதிப்பு இருந்தது. போர்ச்சுகீசியர் அதைப் ‘பிந்தாதோ’ என்றார்கள். வண்ணம் தீட்டப்பட்டது என்று பொருள். துணியை மலாக்காவில் இறக்கி, நறுமணப் பண்டமும் சந்தனமும் சீனப் பட்டும் ஏற்றி வந்தார்கள்.

அந்தத் துணியின் சிவப்பு எங்கிருந்து வந்தது? சாயவேரிலிருந்து. கடலோர மணற்பாங்கில் வளரும் சிறு செடியின் வேர் அது. தோண்டி எடுத்து, காய வைத்து, இடித்து, காரமேற்றிய துணியோடு கொதிக்க வைத்தால் ஆழ்ந்த சிவப்புப் பிடிக்கும். 1563இல் வெனிசிலிருந்து புறப்பட்ட சேசரே பெதெரிச்சி என்ற வணிகர், இந்தத் துணி துவைக்கத் துவைக்க மெருகேறுவதைக் கண்டு வியந்து எழுதினார். சாந்தோமிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பெரிய கப்பல் பெகுவுக்குத் துணியேற்றிப் போனதையும், செப்டம்பர் நடுவுக்குள் பாய் விரிக்காவிட்டால் காற்று மாறிப் பயணமே கெட்டுவிடும் என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

இந்தத் தேதியைச் சற்று நினைத்துப் பாருங்கள். கப்பல் செப்டம்பரில் புறப்பட வேண்டுமானால், துணி அதற்கு முன்பே சாயமேறி, மடித்து, மூட்டை கட்டிக் கரைக்கு வந்தாக வேண்டும். அதற்குப் பல மாதம் முன்பு தறியில் பாவு ஏற வேண்டும். அதற்கும் முன்பு வணிகரின் முன்பணம் நெசவாளர் வீட்டுக்குப் போக வேண்டும். கடலில் ஒரு கப்பல் தவறினால் உள்நாட்டில் ஓர் ஆண்டின் கூலி தவறும். ஓரகடம் தொழிற்பேட்டையில் உதிரிபாக லாரி குறித்த மணிக்குள் வாசலைத் தொட வேண்டும் என்ற கட்டாயத்தை அறிந்த உங்களுக்கு நான் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. காற்று அன்றைய காலக்கெடு.

இந்தச் சங்கிலியில் பரங்கியர் கை கடற்கரையோடு நின்றது. தறிகள் உள்நாட்டில் இருந்தன. நெசவாளருக்கும் கப்பலுக்கும் இடையே செட்டிகளும் தரகரும் இருந்தார்கள். நெசவாளரும் வாயற்ற கூட்டம் அல்லர். காஞ்சிபுரம், விரிஞ்சிபுரம் பகுதிகளின் கைக்கோளர் பல்லக்கும் சங்கும் கொள்ளும் உரிமையைப் போராடிப் பெற்றதை விசயநகரக் காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. கோயிலில் அவர்களுக்கு இடம் இருந்தது. தங்களுக்குள் அமைப்பு இருந்தது. வரி மிகுந்தால் ஊரை விட்டுப் பெயர்ந்துபோகும் வழக்கமும் இருந்தது. குன்றத்தூரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தன்மானம் புதிதாகத் தோன்றாது.

4. அலையைக் கடந்தவர்களும் வீட்டுக்குள் இருந்தவர்களும்

சாந்தோமுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சீறும் அலையைக் கடக்க உதவியவை மசூலாப் படகும் கட்டுமரமும். மசூலாவில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. ஐரோப்பியப் படகுகள் இந்தக் கரையில் சிதறிப்போயின. பெதெரிச்சி இந்தத் தைத்த படகுகளையும் அவற்றைச் செலுத்தியவர்களின் திறனையும் எழுதி வைத்தார். சேக்கிழாரோ, அவருக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்பே, அதிபத்தரை வலையோடும் படகோடும் பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். சாந்தோமின் ஒவ்வொரு துணி மூட்டையும், ஒவ்வொரு பாதிரியாரும் கரைமக்களின் தோளையும் துடுப்பையும் நம்பியே அலையைக் கடக்க வேண்டியிருந்தது. ஆனால் அவர்களுள் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் இருந்த பெண்களின் நிலையும் அதுதான். கசாதோ என்ற சொல்லே ஒரு மனைவி இருப்பதைச் சொல்கிறது. அந்த மனைவியர் பெரும்பாலும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். அவர்கள் வழியாகவே கணவனுக்குச் சந்தை மொழியும் உறவுமுறையும் வாய்த்தன. அவர்கள் மடியிலேயே இரு மொழி பேசும் தலைமுறை வளர்ந்தது. கணவன் பெகுவுக்குப் போய்த் திரும்பும் வரை வீட்டையும் கடனையும் காத்தவர்களும் அவர்களே. ஞானஸ்நானத்தில் பெற்ற போர்ச்சுகீசியப் பெயருக்குப் பின்னால் அவர்களின் பிறந்த பெயர் மறைந்துபோயிற்று.

அந்த வீடுகளில் அடிமைகளும் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. பஞ்ச காலத்தில் பெற்றோர் கையிலிருந்து வாங்கப்பட்ட பிள்ளைகள் இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். துணி வணிகத்தின் அழகைப் பேசும் நாவு இதையும் பேச வேண்டும்.

5. இரக்கத்தின் இல்லமும் அதன் வாசலும்

இனி நிறுவனங்களுக்கு வருகிறேன். 1498இல் லிஸ்பனில் அரசி லியோனோர் ஆதரவில் தோன்றிய ‘சாந்தா காசா த மிசெரிகோர்தியா’, அதாவது இரக்கத்தின் திருஇல்லம், போர்ச்சுகீசியர் குடியேறிய ஊர்களிலெல்லாம் கிளை விட்டது. சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் அது இருந்தது. நோயாளியைப் பேணுவது, சிறைப்பட்டவரை மீட்பது, ஏழைப் பிணத்தை அடக்கம் செய்வது, அநாதைப் பெண்ணுக்குச் சீர் கொடுத்து மணமுடிப்பது ஆகியவை அதன் தொண்டுகள். மற்றொரு வேலையும் செய்தது. மலாக்காவில் ஒரு வணிகர் இறந்தால், அவர் விட்டுச்சென்ற பொருளைக் கணக்கிட்டு, கிளையிலிருந்து கிளைக்கு மாற்றி, தொலைதூரத்தில் இருக்கும் வாரிசிடம் சேர்க்கும். நம்பிக்கை ஒன்றையே முதலாக வைத்து, வங்கி இல்லாத காலத்தில் அது வங்கியாக நடந்தது.

குடிகள் தாமே சேர்ந்து நடத்திய அமைப்பு என்பதால்தான் அது உறுதியாக நின்றது. ஆனால் யார் அதில் உறுப்பினராகலாம்? பரங்கிக் குலமும் கிறித்தவ சமயமும் உள்ளவர்கள். கப்பலுக்குத் துணி கொடுத்த செட்டிக்கோ, அலையில் மூழ்கி இறந்த படகோட்டியின் மனைவிக்கோ அதன் நிர்வாகத்தில் குரல் இல்லை.

திருச்சபை இன்னும் அகலமாக வாசல் திறந்தது. 1606இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் மயிலாப்பூரைத் தனி மறைமாவட்டமாக்கினார். சோழமண்டலக் கரையோடு வங்காளமும் பெகுவும் அதன் எல்லைக்குள் வந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1598இல், சாந்தோமின் இயேசு சபையினர் சந்திரகிரிக்குப் போய் விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அவையில் வரவேற்புப் பெற்றார்கள்.

இங்கே தெற்கே முத்துக்குளித்துறையை ஒப்பிட வேண்டும். 1530களில் திருமுழுக்குப் பெற்ற அந்தக் கரையின் பரதவரிடையே வாழ்ந்த போர்ச்சுகீசியத் துறவி அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 1586இல் புனிதர்களின் வாழ்க்கையைத் தொகுத்து அவர் வெளியிட்ட பெரிய நூலை ‘அடியார் வரலாறு’ என்று வழங்குகிறோம். குன்றத்தூரில் இந்தத் தலைப்பைச் சொல்லும்போது என் மனம் நெகிழ்கிறது. தொண்டர்களைத் தொகுத்துப் பாடிய சேக்கிழாரின் மண்ணுக்கு வந்த வேற்று நாட்டவர் ஒருவர், தம் சமயத்தின் தொண்டர்களை அடியார் வரலாறாகத் தமிழில் தந்தார். அந்த அச்சு முயற்சிக்குப் பரதவரின் பொருளுதவியும் இருந்தது. மக்கள் பங்கு கொண்ட நிறுவனம் மக்கள் மொழியில் பேசியது. அதனால் அது மண்ணில் ஊன்றியது.

6. எது விழுந்தது, எது நின்றது

1610இல் இரண்டாம் வேங்கடரிடம் இசைவு பெற்று ஒல்லாந்தர் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தார்கள். 1612இல் சாந்தோம்காரர்கள் அதைத் தாக்கிக் கைப்பற்றினார்கள். ஒல்லாந்தர் திரும்பி வந்து 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினார்கள். 1639இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடம் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றார்கள். 1641இல் மலாக்காவே ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. சாந்தோமின் பழைய கடல்வழி அறுந்தது. 1658இல் நாகப்பட்டினமும் போயிற்று. 1662இல் கோல்கொண்டா அரசு சாந்தோமைப் பிடித்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து, 1674இல் இழந்தார்கள். தொடக்கத்தில் கோட்டை இல்லாத அந்த ஊருக்குப் பிற்காலத்தில் எழுந்து, 1635ஆம் ஆண்டு வரைபடத்தில் மிடுக்காகத் தெரியும் மதில்கள் பின்னர் இடித்துத் தள்ளப்பட்டன. 1749இல் ஆங்கிலேயர் அதைச் சென்னையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

ஒல்லாந்தரின் கடற்படை பெரிது, லிஸ்பனின் கை தளர்ந்தது என்பவை மெய்யான காரணங்கள். அவற்றோடு இன்னொன்றையும் வைக்கிறேன். போட்டியாளர் அதிக முன்பணத்தோடு வந்தபோது, செட்டியும் நெசவாளரும் சாந்தோமைக் காக்க வேண்டிய தேவை எதுவும் எழவில்லை. நூறாண்டுக் காலம் அதன் செல்வத்தை நெய்தவர்களுக்கு அந்த ஊரின் எந்த அவையிலும் இடம் தரப்படவில்லை. தனக்கு இடமில்லாத வீடு எரியும்போது யார் நீர் சுமப்பார்?

பரங்கிக் குடும்பங்களே சென்னைக்குக் குடிபெயர்ந்தன. புதிய ஊர் அவர்களை வரவேற்றது. 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் அவையில் ஆங்கிலேயரோடு போர்ச்சுகீசிய வணிகரும் உள்ளூர் வணிகரும் அமர்ந்தார்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1698இல் கிடைத்த பட்டயம், கோட்டைகளுக்கு வரும் ஆங்கிலேயக் குருமார் ஓராண்டுக்குள் போர்ச்சுகீசியம் கற்க வேண்டும் என்று விதித்தது. ஆட்சி போன பின்பும் மொழி தெருவில் உயிரோடு இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கோட்டை விழுந்தது, மறைமாவட்டம் நின்றது. மயிலாப்பூர் ஆயரை நியமிப்பதில் போர்ச்சுகலுக்கு இருந்த உரிமை 1950 உடன்படிக்கையோடுதான் முடிந்தது. 1952இல் அது சென்னை உயர்மறைமாவட்டத்தோடு இணைந்து சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் ஆனது. மதில் நிலைக்கவில்லை. இந்த மண்ணின் மக்களைத் தன் மக்களாக ஏற்றுக்கொண்ட அமைப்பு 346 ஆண்டுகள் தன் பெயரோடு நின்றது.

7. நம் வாயில் எஞ்சியவை

நிறுவனங்களைவிட நீண்ட ஆயுள் சொற்களுக்கு. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, வராந்தா, பீப்பாய், துவாலை, பொத்தான் எல்லாம் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை. அன்னாசியும் கொய்யாவும் பெயரோடு வந்தன. மிளகாய் கடல் கடந்து அவர்கள் வழியாக வந்தது. நாம் நம் மிளகை முன்னால் வைத்து அதற்குப் பெயரிட்டுக்கொண்டோம். நம்மிடமிருந்து போனவையும் உண்டு. நம் காசு அங்கே ‘காய்ஷா’ ஆயிற்று. நம் கஞ்சி ‘கான்ஜா’ ஆகி, இன்றும் போர்ச்சுகலில் கோழிச் சாறாக நோயாளிக்கு ஊட்டப்படுகிறது.

இரண்டு சொற்களைத் தனியாக எடுக்கிறேன். ஒன்று மேஸ்திரி. ‘மெஸ்த்ரெ’, தொழிலில் தேர்ந்த தலைவன், என்பதிலிருந்து வந்தது. மற்றொன்று ஏலம், ‘லெய்லாவ்’ என்பதன் தமிழ் வடிவம். இந்த வட்டாரத்துத் தொழிற்பேட்டைகளில் எந்தக் கட்டடம் எழுந்தாலும் மேஸ்திரி இருப்பார். எந்த ஆலையில் கழிவு இரும்பு சேர்ந்தாலும் ஏலம் நடக்கும். சாந்தோம் கரையில் பரங்கியரும் தமிழரும் அருகருகே நின்று வேலை செய்த காலத்தின் எச்சம், திருப்பெரும்புதூர்ச் சாலையில் ஒவ்வொரு நாளும் ஒலிக்கிறது. அரண்மனையிலிருந்து இந்தச் சொற்கள் இறங்கி வரவில்லை; வேலைத்தளத்திலிருந்தும் சந்தையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வந்தன. பெயர் தெரியாத அந்தப் படகோட்டிகளும் மனைவியரும் நமக்கு விட்டுச்சென்ற கையெழுத்து இதுதான்.

அன்பர்களே, நிறைவுக்கு வருகிறேன்.

அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கொரியக் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பின் சப்பானியர், பிரெஞ்சுக்காரர், செருமானியர் என்று பல நாட்டு நிறுவனங்கள் திருப்பெரும்புதூர்ச் சாலைத் தடத்துக்கு வந்துவிட்டன. 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதையும் இந்த வட்டாரம் பார்த்தது. முதலீடு வரும், காற்று மாறினால் போகும். சாந்தோம் நமக்குச் சொல்லும் முதல் பாடம் இது. வருவதற்கும் போவதற்கும் இடைப்பட்ட காலத்தில் எந்த நிறுவனம் யாரைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது என்பதே எது எஞ்சும் என்பதைத் தீர்மானிக்கிறது. இது இரண்டாவது பாடம். ஒப்பந்தத் தொழிலாளியும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வாடகை அறையில் தங்கியிருக்கும் இளைஞனும், விடுதியிலிருந்து பேருந்தில் போய் வரும் பெண்ணும், நிலத்தைக் கொடுத்த உழவரும், தறியை விடாத நெசவாளரும் எந்த அவையில் அமர்கிறார்கள்? நம் உள்ளாட்சி மன்றங்களும் சங்கங்களும் கூட்டுறவுகளும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சாந்தோமின் தளபதிகள் பெயர் நமக்குத் தெரிகிறது; படகோட்டியின் பெயர் தெரியவில்லை. அந்தக் குறை இந்த வட்டாரத்துத் தொழிற்பேட்டைகளின் வரலாற்றில் நேரக் கூடாது. உங்கள் வீட்டில் கிடக்கும் பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, தறிக் கணக்கு, சங்க ரசீது ஆகியவற்றைக் குப்பையில் போடாதீர்கள். இந்த ஊர் நூலகத்தில் ஒரு குறிப்பேடு திறப்போம். அதில் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், செய்த தொண்டு என்று நான்கு பத்திகள் இருக்கட்டும். உள்ளூர்க்காரர் எழுதட்டும், வெளியூரிலிருந்து வந்தவரும் எழுதட்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர்க்காரர் காட்டிய முறைதான் அது. மாணவர்களே, முதல் பக்கத்தை இந்த வாரமே தொடங்குங்கள்.